மூன்று மில்லிமீட்டர்

எங்கள் ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் வாங்கிய யாரிடமாவது ஒரு பொருளைக் காட்டி, இதைச் சின்னதாகச் செய்யுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எல்லாம் சின்னதாகும், அவருக்கு எதில் பெருமையோ அது மட்டும் சின்னதாகாது. பிரெஞ்சுக் கொடி இறங்கி ஏழு வருடம் ஆன பிறகு, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டுக் கூடத்தில் பொம்மைக் கார்கள் ஓடியதைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

அந்த வீட்டுக்காரரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழர்தான். உழவர்கரைப் பக்கம் நிலமும் தென்னந்தோப்பும் வைத்திருந்தார். பழைய நிர்வாகத்தில் ஏதோ ஒரு சபையில் ஏதோ ஒரு நாற்காலியில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தார். நாற்காலி போய்விட்டது, உட்கார்ந்திருந்த தோரணை போகவில்லை. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலையில் வெள்ளைத் தொப்பி இருக்கும். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய கறுப்புக் கார் ஒன்று வாசலில் நிற்கும். அந்தக் காரை ஓட்டியவர் என் அப்பா.

நான் அப்போது பொதுப்பணி அலுவலகத்தில் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். சின்ன உத்தியோகம், பெரிய திமிர். ஸ்கேலும் பென்சிலும் கையில் இருந்தால் ஊரில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

பிரான்சில் வேலையாக இருந்த முசியேவின் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே கறுப்பு ரோட்டுத் துண்டுகள். ஒன்றோடு ஒன்றைக் கோத்தால் சாப்பாட்டு மேசை இரண்டை நிறைக்கிற ஓட்டப் பாதை. பாதையில் இரண்டு பள்ளக் கோடுகள், கோட்டின் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் தகடு. காரின் மூக்குக்கு அடியில் ஒரு ஆணி இருக்கும், அதைப் பள்ளத்தில் இறக்கிவிட்டுக் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் கார் பறக்கும். வளைவில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பாதையை விட்டே பறக்கும். பேரப்பிள்ளைக்கு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பிள்ளை அதைத் தொட்டதை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் முசியேவின் சிநேகிதர்கள் வந்துவிடுவார்கள். வயிறு முன்னால் வர, கோட்டுப் போட்ட நாலைந்து பேர், மேசையைச் சுற்றி நின்று பொத்தானை அழுத்திக்கொண்டு கத்துவார்கள். இவர்கள்தான் ஊரை ஆண்டவர்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வரும். பெட்டியோடு வந்த இரண்டு பந்தயக் கார்கள் கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சலித்துப் போயின. தன் தன் சொந்தக் காரையே சின்னதாகச் செய்து ஓட்டவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை வந்தது.

கணக்கு மிகச் சுலபம். பாதைக்கு ஏற்ற கார் நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு இருக்கவேண்டும். அங்கே முப்பத்திரண்டு சென்டிமீட்டர் என்றால் இங்கே ஒன்று. நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். இவர்கள் ஆட்களிடம் சொல்லிச் செய்துகொண்டு வந்ததைப் பார்க்கவேண்டுமே! ஒரு வக்கீலின் காரில் முன்விளக்குகள் மட்டும் நிஜத்தில் இருந்திருந்தால் அண்டா அளவு இருந்திருக்கும். அவர் கார் விளக்கு அழகானது என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் புதிதாக டயர் மாற்றியிருந்தார். அவருடைய பொம்மைக்குச் சக்கரம் ஜன்னல் வரை ஏறியிருந்தது. பத்திரம் எழுதும் ஒரு கனவானின் காரில் கதவுக் கைப்பிடி கதவில் பாதி. ஏன் என்று கேட்டால், "அப்பத்தானேப்பா கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்பதையும் சொல்லவேண்டும். ஜன்னலுக்கு நடுவில் வரும் கம்பியை அளவுப்படி குறைத்தால் ஈர்க்குச்சியை விட மெல்லியதாகிவிடும், கை பட்டால் ஒடியும். இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தால் கதவின் கோடு மூடிப்போகும். எல்லாவற்றையும் விட, அளவாகச் செய்த சக்கரம் கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும். கொஞ்சம் பெரிதாக்கு, கொஞ்சம் பெரிதாக்கு என்று கண் நச்சரிக்கும். கண்ணை நம்பக் கூடாது. ஸ்கேலை மட்டும் நம்பவேண்டும். இதை நான் அந்தக் கூடத்தில் ஒருமுறை சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்து, டிரைவர் மகன் பேசுகிறானே என்பது போலப் புன்னகைத்தார்கள்.

அந்தப் புன்னகையின் பலனாகத்தான் முசியேவின் காரைச் செய்யும் வேலை எனக்கு வந்தது.

"நீதான் ஆபீஸ்ல படம் போடுறியாமே. என் வண்டிய நீ செஞ்சி குடு. பதினாலு ஜூலை விருந்துக்கு ஓட்டணும். அச்சு அசலா இருக்கணும், இன்னா?"

"அச்சு அசலா இருக்கும் முசியே."

"நான் பின்னாடி ஒக்காந்திருக்கணும். முன்னாடி டிரைவரு. யாரு பாத்தாலும் என் வண்டின்னு தெரியணும்."

அவர் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்து ஷெட்டுக்குப் போய்க் காரை அளந்தேன். அப்பா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வெளியளவு எல்லாம் ஒழுங்காக வந்தது. நாலரை மீட்டர் கார், மேசையில் பதினாலு சென்டிமீட்டர். உயரம், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் உள்ள தூரம், கூரையின் வளைவு, எல்லாம் குறித்தாயிற்று. பிறகு உள்ளே அளந்தேன். அங்கேதான் கணக்கு இடித்தது.

முன்னால் இரண்டு சீட்டு. யாரும் உட்காராத சீட்டு ஒரு உயரம், அப்பா உட்காரும் சீட்டு அதைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்வு. தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே பத்து. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், அடியிலிருந்த மரச்சட்டத்தை ரம்பம் போட்டு அறுத்திருந்தார்கள். ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. தேங்காய் நார் அடைத்த ஒரு தட்டை மெத்தை மட்டும் கிடந்தது. பின் சீட்டைத் தூக்கினேன். அங்கே தோலுறைக்குள் இலவம் பஞ்சு மெத்தை இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று.

"இது யார் அறுத்தது?"

அப்பா நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "வண்டி வாங்குன புதுசுல ஒரு நாள் சர்க்கார் விருந்துக்குப் போனோம். வாசல்ல நின்ன போலீஸ்காரன் எனக்கு சலாம் வச்சிட்டான். பின்னாடி ஒக்காந்திருந்த முசியேவ அவன் பாக்கவே இல்ல. நான் வேற ஒசரமா, மீசை கீசை வச்சிக்கினு... மறுநாளே ஆசாரிய வரச்சொல்லி அறுத்துட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்றது? அவரு வண்டி, அவரு சீட்டு."

அப்பா ஆறடி. முசியே நின்றால் அப்பாவின் நெஞ்சுப் பையில் பேனாவைச் சொருகுகிற உயரம். அத்தனை தாழ்வாக உட்கார்ந்தால் அப்பாவின் முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்கும். அதனால் கால்களை இரு பக்கமும் பரப்பிக்கொண்டு ஓட்டுவார். அப்படியும் தலை கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பின்னாலிருந்து ஒரு இருமல் வருமாம். உடனே அப்பா கழுத்தைத் தாழ்த்திக்கொள்வார். இதைச் சொல்லும்போதும் குனிந்துதான் நின்றிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? வருடக்கணக்காக எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் அம்மா விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி அப்பாவின் முட்டியில் தேய்ப்பார். கடல் காற்று ஆகவில்லை என்றோம். வயசாகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தினமும் முந்நூறு அடி தள்ளியிருக்கும் கோயிலுக்குப் போக ஒரு மனிதர் காரில் ஏறுகிறார். அவர் தொப்பி ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இன்னொரு மனிதரின் முட்டி தேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காரையும் அந்தத் தொப்பியையும் அப்படியே கொண்டுபோய்ப் பழைய துறைமுகப் பாலத்திலிருந்து கடலில் தள்ளலாம் போலிருந்தது.

தள்ள முடியாது. வரைய முடியும். பத்து சென்டிமீட்டர் என்பது முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால் மூன்று மில்லிமீட்டர்தான். அந்த மூன்று மில்லிமீட்டரை அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். தொழிற்சாலையிலிருந்து அந்தக் கார் எப்படி வந்ததோ அந்த அளவில் சீட்டு இருக்கும், அதில் அப்பா நிமிர்ந்து உட்காருவார், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் குனிந்து அதைப் பார்ப்பார்கள். அந்தப் பொம்மைக் காரில் எனக்கு வேறு எதுவும் முக்கியமில்லாமல் போயிற்று.

வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கவாட்டுப் படம். முன் ஜன்னலில் அப்பாவின் தலையும் தோளும். பின் ஜன்னலில் ஒரு தொப்பி.

முசியே மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நான் எங்கப்பா?"

"தொப்பிக்கு அடியில இருக்கீங்க முசியே."

"இது இன்னா அளவு? நான் இம்புட்டுத்தானா? என் தலைய பெருசாப் போடு."

"தலை பெருசானா கூரைல இடிக்கும். கூரையத் தூக்குனா சக்கரம் பத்தாது. சக்கரத்தப் பெருசாக்குனா வண்டி அகலமாவும். அப்புறம் பக்கத்துக் கோட்டுல வர்ற வண்டி மேல மோதும்."

மருமகன் சிரித்தார். முசியே சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துப் படத்திலிருந்த அப்பாவின் தலைமேல் தட்டினார்.

"அப்போ டிரைவர சின்னதாப் போடு."

"டிரைவரோட அளவு இதுதான் முசியே."

"இல்லாட்டி எடுத்துடு. கரன்ட்டுலதானே ஓடுது? டிரைவரே தேவையில்லியே!" தன் சாமர்த்தியத்தைத் தானே ரசித்து, மருமகனையும் ரசிக்கும்படி பார்த்தார்.

அப்பா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் சொன்னேன். "டிரைவர் இல்லாம நான் வண்டி செய்யறதில்ல."

முசியேவுக்கு இப்படிப் பேசினால் பழக்கமில்லை. ஆனால் ஊரில் ஒழுங்காக அளவெடுத்துச் செய்யக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்பதும், வக்கீலின் அண்டா விளக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்ததும் அவருக்கு நினைவிருந்தது. "வுவாலா" என்று, சரி போ என்பது போல, பிரெஞ்சில் சொல்லிக் கையை விரித்தார். "செய்யி, பாக்கலாம். என் தலைக்கு மேல யார் தலையும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "அவரு சொல்ற மாதிரி செஞ்சி குடுத்துட்டுப் போயேன். பொம்மைதானே" என்றார். பொம்மை என்பதால்தான் முடியாது என்றேன். நிஜத்தில்தான் குனிந்தாகிவிட்டதே, பொம்மையிலாவது நிமிரக் கூடாதா? அப்பா தோளிலிருந்த துண்டை உதறிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

உடம்பைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கினேன். கனமே இருக்காது. உள்ளே குடைந்து, பந்தயக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டாரைத் தரையோடு படுக்க வைத்தேன். மோட்டார் இடத்தை அடைத்துக்கொண்டதால் ஆட்களுக்கு இடுப்புக்கு மேல் மட்டும்தான். பூ கட்டுபவர்கள் வைத்திருக்கும் லேசான நெட்டித் தண்டில் இரண்டு பேரையும் செய்தேன். முசியேவுக்கு நிஜத்தில் இருக்கும் இரண்டு மெத்தைகளையும் கொடுத்தேன். அது உண்மையாக உள்ள பொருள், கொடுப்பதில் தப்பில்லை. தொப்பியையும் ஒரு சுற்றுப் பெரிதாக்கினேன். தொப்பி அவரவர் விருப்பம். அப்படியும் அப்பாவின் தலை அவர் தொப்பிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. காக்கிச் சட்டை, மீசை, நேரான கழுத்து. முடித்து மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் வந்து பார்த்தார். "கல்யாணத்தப்போ இப்படித்தான் இருந்தாரு" என்றார்.

விருந்தன்று காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது அப்பா முகச்சவரம் முடித்து, உடுப்பு மாட்டி, கிளம்பத் தயாராக இருந்தார். காரைப் பஞ்சு வைத்த பெட்டியில் போட்டு மூடிக் கட்டிவைத்திருந்தார். "நேரமாச்சு, எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் பிரெஞ்சு தேசிய நாளுக்காக அவர்களுடைய மூவண்ணத் தோரணம். கொடி இறங்கியது இந்த வீட்டுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை போல. கனவான்கள் கிளாஸும் கையுமாக மேசையைச் சுற்றி நின்றார்கள். அப்பா வழக்கம்போல் கதவருகில். சண்டை வரும் என்று தெரிந்தே போயிருந்தேன். என்னென்ன பேசவேண்டும் என்று ஆபீஸில் உட்கார்ந்து ஒத்திகையே பார்த்திருந்தேன். பெட்டியைத் திறந்து காரை எடுத்துப் பாதையில் வைத்தேன்.

முசியே குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா! இப்பத்தான் அளவு சரியா இருக்கு. பார்ஃபே!"

நானும் குனிந்து பார்த்தேன். முன் ஜன்னலில் அப்பா தாழ்ந்து உட்கார்ந்திருந்தார். பின் ஜன்னலில் தொப்பி ஓங்கி நின்றது. நெட்டிப் பொம்மையின் இடுப்பு சீராக அறுக்கப்பட்டு, மறுபடி அதே இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கழுத்தையும் யாரோ கட்டைவிரலால் பதமாக முன்னால் அழுத்தியிருந்தார்கள்.

கதவருகே பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அச்சு அசல் என்றார் வக்கீல். அதுதான் ஷெட்டில் நிற்கும் வண்டி, அதுதான் அதன் டிரைவர் என்றார் டாக்டர். என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். இவர்கள் வாயிலிருந்து அளவைப் பற்றி வந்த முதல் உண்மை அதுதான், அதுவும் தெரியாமல் சொன்னது. கார் ஓடியது, ஜெயித்ததா தோற்றதா என்று நான் கவனிக்கவில்லை.

வீட்டில் கிணற்றடிக் கல்லின்மேல், சவரக் கிண்ணத்தின் காய்ந்த நுரையில், நெட்டித் தூள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் காக்கி பெயின்ட் படிந்த பிளேடு. சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்றால் கத்தினேன்.

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார். "உன் அளவுல நான் அந்த வண்டில ஒக்காந்துட்டா, நாளைக்கு எந்த வண்டில போயி ஒக்காருவேன்?"

நான் ஸ்கேலை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன். அம்மா எண்ணெயைச் சூடுபண்ணிக்கொண்டு வந்தார்.

மறுவருடம் முசியே பிரான்சுக்கே போய்விட்டார். அங்கே அவருக்கு யார் சலாம் வைத்தார்களோ தெரியாது. பொம்மைக் காரைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். நிஜக் காரை உழவர்கரையில் அரிசி மில் வைத்திருந்தவர் வாங்கினார், அப்பாவும் அந்தக் காரோடு போனார். மில்காரருக்குத் தோரணை கிடையாது. முன் சீட்டில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஜன்னலில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வழியெல்லாம் நெல் விலை பேசுவார். நான் போய்ச் சீட்டு விஷயத்தைச் சொன்னதும், "அட பாவமே" என்று ஆசாரியை வரவழைத்தார். புதுச் சட்டம், புது ஸ்பிரிங். நான் நாடாவோடு நின்று அளந்தேன். பத்து சென்டிமீட்டரும் திரும்பி வந்தது.

அப்பா ஏறி உட்கார்ந்தார். முட்டி இடிக்கவில்லை. கை தாராளமாக ஸ்டியரிங்கில் இருந்தது. ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. தலைதான் கூரைல இடிக்குது."

மறுபடி உட்காரச் சொல்லி, தலைக்கும் கூரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. இடிக்கவில்லை அப்பா, நிமிருங்க என்றேன். சரி என்றார். பக்கத்தில் ஏறிய மில்காரருக்குத் தொண்டையில் தூசி போலிருக்கிறது, இருமினார். அப்பாவின் கழுத்து இறங்கியது.